பதினொரு சனிக்கிழமைகள்

"காலியாக் கெடக்க கட்டத்துல என்ன போடணும் மேடம்?" என்று கேட்டார் சீடர்.

"ஒண்ணும் போடக் கூடாது சார்," என்றார் குரு.

"நான் பூஜ்யம் போட்டுட்டேனே."

"தெரியுது. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் உமையாள், வயது முப்பத்தாறு, பல்கலைக்கழகத்தில் சூழலியல் பேராசிரியை. சீடருக்கோ தலையில் முடி கிடையாது. பெயர் சுடலைமுத்து, வயது ஐம்பத்து நான்கு, அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய மனுஷன், சும்மா இருக்க முடியாமல் டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அவர் மேடம் என்பார், இவர் சார் என்பார். ஒருவரை ஒருவர் உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் பாடம் தொடங்கும்.

ஆராய்ச்சிக்குள் நுழையும் முன் கோர்ஸ் ஒர்க் என்று ஒன்று உண்டு. அதில் மூன்றாம் தாள், கள ஆய்வு முறைகள். உமையாள் நடத்துவது. அந்தத் தாளுக்குப் பரீட்சை கிடையாது. ஒரு குளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு பறவையை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு வருடம் வாராவாரம் போய் எண்ணி நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். செய்து பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும் பாடு.

சுடலைமுத்து எடுத்தது செங்கணாங்குளம். பறவை, நாமக்கோழி. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளையாக நாமம், மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து தண்ணீரில் மிதக்கும். எண்ணுகிற நாள் சனிக்கிழமை.

ஐம்பத்திரண்டு சனிக்கிழமையில் நாற்பத்தொன்றுக்கு எண்ணிக்கை ஒழுங்காக இருந்தது. நடுவில் பதினொன்றுக்கு வரிசையாகப் பூஜ்யம்.

வெள்ளிக்கிழமைக்குள் நோட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் தாள் போச்சு. தாள் போனால் பதிவு ரத்து. மறுபடி முதலிலிருந்து தொடங்க அவருக்கு மனசில் தெம்பு இல்லை. அன்றைக்குத் திங்கள்.

குரு நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"கார்த்திகைக் கடைசி, மார்கழி, தை. குளம் நெறஞ்சு நிக்கிற நேரம். பதினோரு வாரமும் ஒரு நாமக்கோழிகூட வரலையா சார்?"

"வந்திருக்கும் மேடம்."

"அப்புறம் எப்படிப் பூஜ்யம்?"

"நான் போகலைல்லா."

அவர் ஏன் போகவில்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி இசக்கியம்மாள் கார்த்திகைக் கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. தை மாதம் போய்விட்டார். உமையாளும் துக்கம் விசாரிக்கப் போய் வந்தவர்தான். அதனால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது காலியா விட்டா செவப்பு செவப்பாக் காட்டுது," என்றார் சீடர். "பூஜ்யம் போட்டாத்தான் வாயை மூடுது."

"கம்ப்யூட்டர் வாயை மூடவா நாம எழுதுறோம்?"



குரு பக்கங்களைப் புரட்டி மே மாதத்துக்கு வந்தார். அங்கேயும் ஒரு பூஜ்யம், தன்னந்தனியாக.

"இது எப்படி வந்துச்சு?"

"அது தண்ணி வத்துன வாரம் மேடம். ரெண்டு மணி நேரம் கரையில உக்காந்து பாத்தேன். ஒண்ணுகூட இல்ல. நாய்தான் ரெண்டு குறுக்க ஓடிச்சு."

"இது நல்ல பூஜ்யம் சார். வெயில்ல உக்காந்து சம்பாதிச்சது. இதுக்கும் அந்தப் பதினொண்ணுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு."

குரு சிரித்துவிட்டார். பிறகு, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் குளத்துக்கு வாங்க," என்றார்.

•

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து நாலு நாள் ஆகியிருந்தது. குளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. சீடர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றார். வாத்தியாரே மாணவரானால் இதுதான் கதி, மணி அடிக்கும் முன்னால் வந்துவிடுவார்.

குரு ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்திவிட்டுக் கரையில் ஏறினார். தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"உக்காருங்க சார்."

"மேடம், குளம் அந்தப் பக்கம்லா இருக்கு."

"இருக்கட்டும்."

உட்கார்ந்தார்கள். எதிரே வயல். யாரோ டிராக்டர் விட்டு உழுதுகொண்டிருந்தார்கள். பின்னால் தண்ணீரில் என்னவோ சளப்பென்று விழுந்தது. சீடரின் கழுத்து தானாகத் திரும்பியது.

"திரும்பாதீங்க சார்."

இறக்கை அடிக்கிற சத்தம் கேட்டது. எதுவோ கூட்டமாக இறங்கியது. ஆட்காட்டிக் குருவி ஒன்று விடாமல் கத்தியது. மறுபடியும் சளப் சளப்பென்று சத்தம். ஒரு வருடமாகக் கண்ணை அகலத் திறந்து குளத்தைப் பார்த்துப் பழகிய மனுஷன், பாவம், பைனாகுலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது.

குரு நோட்டையும் பென்சிலையும் நீட்டினார்.

"நமக்குப் பின்னால வந்ததை எழுதுங்க."

"நான் பாக்கலையே மேடம்."

"அப்ப பூஜ்யம் போடுங்க."

சீடர் பென்சிலை வாங்கினார். கை ஓடவில்லை.

"எப்படிப் போட? சத்தம் கேட்டுதே. வந்துதே. நான்தான பாக்கல."

குரு எழுந்து, துப்பட்டாவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சீடர் அதற்குப் பிறகுதான் திரும்பினார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, ரப்பரை எடுத்துப் பதினொரு பூஜ்யத்தையும் அழித்தார்.

•

அழித்தது சரி. அழித்த இடத்தைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் துள்ளலாக வந்தார். "முடிஞ்சுது மேடம். எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு சார் ஒரு வழி சொன்னாரு. முந்தின வாரத்து எண்ணிக்கை தெரியும். பிந்தின வாரத்து எண்ணிக்கை தெரியும். நடுவுல உள்ளதை ஏணிப்படி மாதிரி வரிசையா ஏத்திக்கிட்டே போனா சரியா வந்துருது."

குரு கட்டத்தில் விரலை வைத்தார். விரல் முதல் வரியிலேயே நின்றது.

"இருநூத்து முப்பத்தொண்ணரை."

"ஆமா மேடம்."

"அந்த அரைக் கோழி எப்படி சார் நீந்துச்சு?"

சீடர் வழுக்கையைத் தடவினார். "வேணும்னா முழுசாக்கிருவோமா? முப்பத்திரண்டு?"

"இதெல்லாம் யாரு எண்ணுனது?"

"கணக்கு சார் போட்டுத் தந்தாரு."

"அவர் குளத்துக்குப் போனாரா?"

"அவருக்குக் குளம் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"இப்படிக் கணிச்சுப் பாக்குறது தப்பில்ல சார். பின்னால, வேற பேப்பர்ல, இது கணிப்புன்னு பேர் எழுதிச் செய்யலாம். நானே சொல்லித் தாரேன். ஆனா இது கள நோட்டு. இதுல கண்ணு பாத்தது மட்டும்தான் இருக்கணும்."

சீடருக்குச் சுர்ரென்று வந்தது. வயதில் இளையவர் என்றாலும் குரு குருதான், அதனால் குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினார்.

"பூஜ்யம் போடாதங்கிய. கணக்குப் போடாதங்கிய. நோட்டைத் தொறந்தா நடுவுல பதினோரு ஓட்டை மேடம். பாக்கவன் என்ன நினைப்பான்? வயசான காலத்துல வந்தான், பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னுதான நினைப்பான்?"

குரு அலமாரியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை உருவினார். அட்டை பிய்ந்து, உப்புத் தண்ணீர் பட்டுப் பக்கங்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. பத்து வருடத்துக்கு முன், அவர் சீடராக இருந்தபோது எழுதியது. உப்பளத்துப் பறவைகள்.

ஒரு பக்கத்தைத் திறந்து சீடர் முன்னால் வைத்தார். அதிலும் கட்டங்கள் காலியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறிப்புப் பகுதியில் ஏதோ எழுதியிருந்தது.

சீடர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "புயல். பஸ் ஓடவில்லை." அடுத்தது, "அம்மை போட்டிருந்தது." அதற்கு அடுத்தது, "போக மனசு வரவில்லை."

கடைசியை இன்னொரு தடவை வாசித்தார்.

"இதை உங்க கைடு ஒத்துக்கிட்டாரா?"

"பக்கத்துலயே அவர் கையெழுத்து இருக்கு பாருங்க."

இருந்தது.

"காலியா விடலாம் சார்," என்றார் குரு. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஏன் காலின்னு பக்கத்துல எழுதிடணும். உள்ளதை எழுதணும். அவ்வளவுதான்."

சீடர் தன் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டு வாசல்வரை போனவர் அங்கேயே கொஞ்சம் நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று குரு நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

•

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து எழுதினார். கணக்கு சார் தந்த எண்களையெல்லாம் முதலில் அழித்தார். பிறகு முதல் கட்டத்துக்கு நேராக "ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்று எழுதினார். இரண்டாவதற்கும் அதேதான். எட்டு வாரமும் அதேதான். கை நிற்கவே இல்லை, தேர்வு எழுதுகிற பையன் மாதிரி ஓடியது.

ஒன்பதாவது வந்ததும் பென்சிலைச் சீவினார். கூராக இருந்ததையே மறுபடி சீவினார்.

அதை விட்டுவிட்டுப் பத்தாவதற்கும் பதினொன்றாவதற்கும் "வீட்டில் துக்கம்" என்று எழுதினார். ஒன்பதாவதற்குத் திரும்பி வந்தார். வாட்ச்மேன் வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

•

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நோட்டு குருவின் மேசையில் இருந்தது.

அவர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வரியில் கட்டமும் காலி, குறிப்பும் காலி. தேதியைப் பார்த்தார். அந்தத் தேதி அவருக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போனபோது, தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இசக்கியம்மாள் படத்துக்குக் கீழே பார்த்த தேதி.

இதைப் போய் எழுதச் சொன்னோமே என்று குருவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. எதற்கு இந்த மனுஷனைத் திங்களிலிருந்து வாட்டினோம் என்று இருந்தது.

"நான் எழுதட்டுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.



குரு பென்சிலை எடுத்தார். குறிப்புப் பகுதியில் "துக்கம்" என்று எழுதத் தொடங்கினார். முதல் எழுத்து விழுந்ததுமே சீடர் உள்ளங்கையை அந்தப் பக்கத்தின்மேல் வைத்தார்.

"வேண்டாம் மேடம். அது பொய்யாயிரும்."

"அன்னைக்குத்தானே சார் அவங்க…"

"ஆமா. அன்னைக்குத்தான்."

கையை எடுக்காமலே சொன்னார்.

"நான் அன்னைக்குக் குளத்துல இருந்தேன்."

குரு பென்சிலைக் கீழே வைத்தார்.

"முந்தின நாள் ராத்திரி ரெண்டு இட்லி சாப்ட்டா. எட்டு வாரம் கழிச்சு ரெண்டு இட்லி. மகளுக்கும் எனக்கும் சந்தோசம்னா சந்தோசம். காலையில அஞ்சு மணிக்கு என்னை எழுப்பி விடுதா. இன்னைக்குச் சனிக்கிழமைல்லா, எந்திரிச்சுப் போங்க, எட்டு வாரம் என்னால கெட்டுச்சு, மக கூட இருக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கா. நானும் போயிட்டேன்."

"போன் வரலையா சார்?"

"அணைச்சு வச்சிருந்தேன். எண்ணும்போது போன் இருக்கக் கூடாதுன்னு முதல் கிளாஸ்லயே சொன்னியள்லா." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "ஐயோ, உங்களைக் குத்தம் சொல்லல மேடம்."

குருவின் முகம் வெளுத்துப்போனது. சொன்னது அவர்தான். வருடாவருடம் முதல் வகுப்பில் சொல்வது, மேசையைத் தட்டிச் சொல்வது.

"நான்தான் சார் சொன்னேன்," என்றார்.

"எட்டு மணிக்குப் போனைப் போட்டா, மக பதினேழு தடவை கூப்பிட்டிருக்கா."

வெளியே வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள்.

"அப்ப, அன்னைக்கு எண்ணுனது இருக்கா சார்?"

"இருக்கு. குட்டி நோட்டுல இருக்கு. அன்னையிலேருந்து சட்டைப்பையிலயே கெடக்கு. சட்டை மாத்துனா அதையும் மாத்தி வச்சுக்கிடுதேன்." சீடர் மூச்சை இழுத்து விட்டார். "அதை இதுல ஏத்துனா, நான் அங்கன இருந்தேன்னு ஆயிரும்லா. எட்டு வாரம் கட்டிலை விட்டு நகராம இருந்தவன், இருக்க வேண்டிய அன்னைக்கு இல்ல. அது எம்மகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நோட்டுலயும் இருக்கணுமான்னு நினைச்சேன். பூஜ்யத்துக்குள்ள ஒளிச்சுப் பாத்தேன். கணக்குக்குள்ள ஒளிச்சுப் பாத்தேன். நீங்க விட மாட்டங்கிய."

கை இன்னும் நோட்டின்மேல்தான் இருந்தது.

"வாசல்வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னா மேடம். எண்ணிட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும், இந்தப் படுக்கையில கெடந்து கெடந்து ஒண்ணுமே தெரியலன்னு. எண்ணிட்டுத்தான் வந்தேன். சொல்ல ஆளில்லாமப் போச்சு."

குரு கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, மாணவர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார். "எத்தனை வந்துச்சு?"

சீடரின் கை சட்டைப்பைக்குப் போனது. நோட்டை எடுக்காமலே திரும்பி வந்தது. அவர் குருவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முன்னூத்திப் பன்னெண்டு," என்றார். "நல்ல கூட்டம் இசக்கி. இந்த வருசத்துலயே இன்னைக்குத்தான் அதிகம்."